பணம் சொல்லும் கதையும் பார்சல் சொல்லும் கதையும்

கேள்வி: மதுரையில் வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலை விற்கிறேன். வியாபாரம் எல்லாம் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும்தான். இரண்டு வருடமாக சிங்கப்பூரிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆர்டர் வருகிறது. மாதம் 15, 20 சேலை போகும். சிங்கப்பூர் அக்காமார் பேநவ் வழியாக என் சேமிப்புக் கணக்குக்கே பணம் போட்டுவிடுவார்கள். கனடாப் பணத்தை அங்கிருக்கும் என் சித்தி மகன் வாங்கி வைத்து, சேர்ந்ததும் மொத்தமாக அனுப்புவான். பார்சலில் 'கிஃப்ட்' என்றுதான் எழுதுகிறேன். கூரியர் கடைக்காரரே அப்படி எழுதச் சொன்னார். போன மாதம் வங்கியிலிருந்து கூப்பிட்டு, வெளிநாட்டுப் பணம் எதற்கு வருகிறது என்று கேட்டார்கள். பயத்தில் சொந்தக்காரர்கள் அனுப்புகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். பேபாலில் நூற்றுக்கு எட்டு ரூபாய் போய்விடும் என்கிறார்கள். குறைந்த செலவில் பணம் வாங்க எது நல்ல வழி? என்னைப் போன்ற சின்ன ஆளுக்கும் ஏற்றுமதி நம்பர் எல்லாம் வேண்டுமா? இன்னொன்று: அமெரிக்காவில் ஒரு பூட்டிக் 40 சேலை கேட்கிறது. கார்டிலேயே முழுப் பணமும் கட்டுகிறார்களாம். அவர்களுடைய ஷிப்பிங் ஏஜென்டுக்குத் தர வேண்டியதையும் அதிலேயே சேர்த்துக் கட்டுவார்களாம். அதை மட்டும் நான் ஏஜென்டுக்கு அனுப்பிவிட வேண்டுமாம். ஒத்துக்கொள்ளலாமா?

— பெயர் வேண்டாம், மதுரை

ஆடிட்டர் பதில்: கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் கேட்ட கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்ளாதீர்கள். இதை நீங்கள் படிக்கும்போது பணம் கட்டும் லிங்க் அனுப்பியிருந்தால் உடனே ரத்து செய்யுங்கள்.

இது பழைய வித்தை. கார்டு அவர்களுடையதாக இருக்காது. யாரோ ஒருவரின் திருட்டுக் கார்டு எண்ணில் உங்களுக்குப் பணம் விழும். உங்கள் கணக்கில் பணத்தைப் பார்த்த தெம்பில் ஏஜென்டின் பங்கை நீங்கள் அனுப்புவீர்கள். அந்த ஏஜென்ட்தான் ஆசாமியே. நீங்கள் அனுப்பியது உங்கள் சொந்தப் பணம், அது திரும்பாது. பிறகு ஒருநாள் கார்டின் உண்மையான உரிமையாளர் பில்லைப் பார்த்துத் தன் வங்கியில் புகார் செய்வார். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இப்படிப் புகார் செய்யப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. கார்டு நிறுவனம் அவருக்குப் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, கேட்வே (கார்டுப் பணத்தை வாங்கித் தரும் நிறுவனம்) வழியாக உங்களிடமிருந்து முழுத் தொகையையும் பிடிக்கும். இதைத்தான் சார்ஜ்பேக் என்கிறார்கள். 40 சேலை போனது, ஏஜென்டுக்கு அனுப்பியது போனது, கார்டில் வந்ததும் போனது.

அது நிஜமான பூட்டிக்தானா என்று சந்தேகம் தீர வேண்டுமென்றால் ஒரு பதில் எழுதிப் பாருங்கள். "புரோஃபார்மா இன்வாய்ஸ் (சரக்கு அனுப்பும் முன் தரும் விலைப்பட்டியல்) அனுப்புகிறேன், பாதித் தொகையை உங்கள் கடையின் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்புங்கள், சரக்கை என்னுடைய கூரியரில்தான் அனுப்புவேன்." மொத்தமாக வாங்கிப் பழகிய கடைக்காரருக்கு இதில் தயக்கம் இருக்காது. மற்றவர் அதற்குப் பிறகு பதிலே போட மாட்டார்.

இனி உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். எது மலிவு என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கணக்கு போட்டே சொல்கிறேன். ஆனால் உங்களுக்கு இப்போது வந்திருக்கும் சிக்கல் கமிஷனால் வந்ததில்லை. உங்கள் கணக்குக்கு வரும் பணம் ஒரு கதை சொல்கிறது, உங்கள் வீட்டிலிருந்து போகும் பார்சல் வேறு கதை சொல்கிறது, வங்கியிடம் நீங்கள் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றையும் ஒன்றாக்கினால் பாதிப் பயம் போய்விடும்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு ரூபாயும் 'எதற்கு வந்தது' என்ற குறியீட்டோடுதான் இந்திய வங்கிக்குள் நுழைகிறது. பர்பஸ் கோட் என்பார்கள். சரக்கு ஏற்றுமதிக்கு முன்பணமாக வந்தால் பி 0103. சொந்தக்காரர் குடும்பச் செலவுக்கு அனுப்பினால் பி 1301. அன்பளிப்பு என்றால் பி 1302. சிங்கப்பூரின் பேநவ்வும் நம் யூபிஐயும் 2023 பிப்ரவரியில் இணைக்கப்பட்டது தனி ஆட்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளத்தான். நாளொன்றுக்கு 60,000 ரூபாய், ஏறக்குறைய 1,000 சிங்கப்பூர் டாலர் என்ற வரம்போடு, உறவினர் பராமரிப்பு, அன்பளிப்பு என்ற இரண்டு காரணங்களுக்காகத் திறந்த வழி அது. அதில் சேலைக்குப் பணம் வாங்கினால், மாதம் பத்துப் பேர் உங்களுக்கு அன்பளிப்பு தருகிறார்கள் என்று வங்கியின் பதிவில் ஏறும். கணினிக்கு அது விசித்திரமாகப் பட்டதால்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெஸ்டர்ன் யூனியன் போன்ற வழிகளும் இப்படித்தான். தனிநபர் பணத்துக்கு மட்டும், ஒரு முறைக்கு 2,500 டாலர், ஒருவருக்கு வருடத்தில் 30 முறை என்று வரம்பு உண்டு. வியாபாரப் பணத்துக்கு அதில் இடமே இல்லை.

சித்தி மகன் விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். யார் யார் பணமோ ஒன்றாகச் சேர்ந்து, எந்தச் சேலைக்கு எவ்வளவு என்று தெரியாமல் ஒரே தொகையாக வருகிறது. நாளை டொரன்டோ வாடிக்கையாளர் ஒருவர் சேலை வரவில்லை என்று சண்டை போட்டால், அவர் பணம் கொடுத்தது உங்களுக்கு அல்ல, அவனுக்கு. அங்கே அவனுடைய வரிக் கணக்கிலும் இது ஒருநாள் கேள்வியாகும். நல்லெண்ணத்தில் உதவுகிற பையனை இதிலிருந்து விடுவித்துவிடுங்கள்.

பார்சலில் 'கிஃப்ட்' என்று எழுதச் சொன்ன கூரியர் கடைக்காரர் தன் வேலையைச் சுலபமாக்கிக்கொண்டார். அன்பளிப்பு, மாதிரி ஆகியவற்றுக்கு ஒரு படிவம், விற்பனைச் சரக்குக்கு வேறு படிவம். முதலாவதில் போனால் அந்தச் சேலை ஏற்றுமதியானதற்கு உங்களிடம் சட்டப்படி எந்தச் சான்றும் மிஞ்சாது. ஏற்றுமதி என்று காட்ட முடியாத விற்பனைக்கு ஜி.எஸ்.டி. கேட்டால் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவில், மீறலில் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. உங்கள் அளவு வியாபாரத்துக்கு யாரும் வாசலில் வந்து நிற்கப்போவதில்லை. ஆனால் வியாபாரம் வளர்ந்த பிறகு பழைய வருடங்களைச் சரிசெய்வது, நெய்து முடித்த சேலையில் நடு இழையை உருவுகிற வேலை. நான் அதைச் செய்து கொடுத்திருக்கிறேன். எனக்கு ஃபீஸ் கிடைத்தது, அவர்களுக்குத் தூக்கம் போனது.

ஏற்றுமதி நம்பர் சின்ன ஆளுக்கும் வேண்டுமா? வேண்டும். ஐ.இ.சி. எனப்படும் அந்த எண்ணுக்குக் குறைந்தபட்ச விற்பனை என்று எதுவும் கிடையாது. மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக அலுவலகமான டி.ஜி.எஃப்.டி.யின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி நீங்களே எடுக்கலாம். உங்கள் பான் எண்ணேதான் அந்த எண்ணாகவும் இருக்கும். மூவாயிரம், ஐயாயிரம் கேட்கிற ஏஜென்டுகள் மதுரையிலும் இருக்கிறார்கள், அவர்களிடம் போக அவசியம் இல்லை. எடுத்த பிறகு ஒன்றை மறக்காதீர்கள்: ஒவ்வொரு வருடமும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் அதே தளத்தில் போய், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும், விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் எண் முடங்கிவிடும். தீபாவளி ஆர்டர் நேரத்தில்தான் பலருக்கு அது தெரியவருகிறது.

அதற்கு முன்னால் வியாபாரப் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு தொடங்குங்கள். சேமிப்புக் கணக்கில் வியாபாரப் பணம் வாங்குவதை நிறுத்திவிடுங்கள். கணக்கு தொடங்கும்போதே அந்தக் கிளைக்கு அந்நியச் செலாவணி கையாளும் வசதி இருக்கிறதா, ஏ.டி. கோட் (அந்த வசதியுள்ள கிளைக்கான எண்) கடிதம் தருவார்களா என்று கேளுங்கள். கூரியரில் வணிகச் சரக்காக அனுப்ப அந்தக் கடிதம் தேவைப்படும். சின்னக் கிளைகளில் இந்தச் சொல்லைக் கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மாவட்டத் தலைநகரின் பிரதான கிளைக்குப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஜி.எஸ்.டி. பதிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். வருட விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு வேண்டாம் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அது மாநிலத்துக்குள்ளேயே சரக்கு விற்பவர்களுக்கான பேச்சு. ஏற்றுமதியை மாநிலம் கடந்த விற்பனையாகத்தான் சட்டம் கருதுகிறது, எனவே பொதுவாக அந்த வரம்பைக் காட்டித் தப்ப முடியாது. சிறு வியாபாரிகளுக்கான எளிய வரி முறையான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் அதிலிருந்து வெளியே வர வேண்டும், அதில் இருந்துகொண்டு வெளிநாட்டுக்கு விற்க முடியாது. பதிவு என்றதும் வரி கட்ட வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம். ஒவ்வொரு நிதியாண்டும் தொடக்கத்தில் எல்.யு.டி. என்ற உறுதிமொழியை இணையத்தில் சமர்ப்பித்துவிட்டால் வரி கட்டாமலே அனுப்பலாம். நீங்கள் துணிக்கும் சாயத்துக்கும் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கவும் வழி உண்டு. கேட்வே கமிஷன் மீது பிடிக்கும் 18 சதவீதமும் அதில் சேரும். அதாவது பதிவு இல்லாமல் இருப்பதுதான் இப்போது உங்களுக்குச் செலவு.

சரி, கமிஷன் கணக்கு. 100 டாலருக்கு ஒரு சேலை விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பேபாலில் இந்திய விற்பனையாளருக்கு வெளிநாட்டுப் பணத்துக்கான வழக்கமான கட்டணம் 4.4 சதவீதமும் 30 சென்டும். அது 4.70 டாலர். மிச்சம் 95.30. அதை ரூபாயாக மாற்றும்போது சந்தை விலையைவிட 4 சதவீதம் வரை குறைத்துத் தருவார்கள், அதில் இன்னொரு 3.80 போகும். கைக்கு வருவது 91.50 டாலர் மதிப்பு. 'நூற்றுக்கு எட்டு' என்று நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். ஆனால் அந்த எட்டில் பாதி, கமிஷன் என்ற பெயரே இல்லாமல் மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. எந்த நிறுவனத்தை ஒப்பிட்டாலும் சதவீதத்தை மட்டும் கேட்காதீர்கள். "100 டாலர் அனுப்பினால் என் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்" என்று கேளுங்கள்.

இந்திய கேட்வேக்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஏறக்குறைய 3 சதவீதமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் எடுக்கின்றன. 100 டாலருக்கு மூன்றரை. மாற்று விகிதத்தில் கொஞ்சம் போனாலும் பேபாலைவிடக் குறைவு. 2023 அக்டோபர் 31 அன்று ரிசர்வ் வங்கி, எல்லை கடந்த பணத்தைக் கையாளும் நிறுவனங்களுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று விதித்தது. ஒரு பரிவர்த்தனைக்கு 25 லட்சம் ரூபாய் வரை இந்த வழியில் வாங்கலாம். உங்களுக்கு அந்த உச்சவரம்பு பற்றிக் கவலை இல்லை. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்துக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். உள்நாட்டுப் பணத்துக்கு அனுமதி வாங்கியவர்கள் எல்லோருக்கும் இது கிடைத்துவிடவில்லை. யூடியூபில் எல்லோரும் ஸ்ட்ரைப் என்கிறார்கள். 2024 மே முதல் இந்தியாவில் அவர்கள் அழைப்பின் பேரில்தான் புதியவர்களைச் சேர்க்கிறார்கள், அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

வங்கிக்கு வங்கி நேரடியாக வரும் ஸ்விஃப்ட் பணத்தில் சதவீதம் குறைவு, ஆனால் நடுவில் இருக்கும் வங்கிகள் 15, 20 டாலர் என்று ஒரே வெட்டாக வெட்டுவதுண்டு. ஒரு சேலைக்கு அது அநியாயம். 2,000 டாலருக்கு மொத்தக் கொள்முதல் என்றால் ஒரு சதவீதம்தான். எனவே என் யோசனை இது: ஒன்றிரண்டு சேலை வாங்கும் அக்காமாருக்கு அனுமதி பெற்ற கேட்வே ஒன்றின் லிங்க். பேபால்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்காக அதையும் வைத்திருங்கள். அமெரிக்கா, கனடாவில் முன்பின் தெரியாத கடையில் வாங்குபவர்களுக்கு அந்தப் பெயர் தருகிற நம்பிக்கை கமிஷனைவிடப் பெரிது. விலையிலேயே அதைச் சேர்த்துவிட்டால் போயிற்று. மொத்தமாக வாங்கும் கடைகளுக்கு வங்கி வழி மட்டும்.

பேபாலில் ஒரு நல்ல காரியமும் இருக்கிறது. இந்தியக் கணக்கில் பணத்தைத் தேக்கி வைக்க விடமாட்டார்கள், தானாகவே வங்கிக்கு அனுப்பிவிடுவார்கள். உள்ளே வந்த பணத்துக்கு ஃபிரா என்ற சான்றிதழும் கிடைக்கும். எந்த வழியில் வாங்கினாலும் அந்தச் சான்றிதழை மாதாமாதம் இறக்கி, அந்த மாத இன்வாய்ஸ்களோடு ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஜி.எஸ்.டி. ரீஃபண்டுக்கும் வங்கிக் கேள்விக்கும் அதுதான் பதில். "நண்பருக்கு அனுப்புவதாகப் போடுகிறேன், கமிஷன் மிச்சம்" என்று வாடிக்கையாளர் சொன்னால் மறுத்துவிடுங்கள். இந்தியக் கணக்குக்கு அந்த வகையில் பணம் வராது.

பார்சலுக்கு வருவோம். உங்கள் அளவுக்கு அஞ்சல் துறையே போதும் என்பது என் கருத்து. டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற பெயரில் நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களில் ஏற்றுமதி மையங்கள் இருக்கின்றன. ஐ.இ.சி.யை வைத்து அவர்களுடைய தளத்தில் பதிவுசெய்து, போஸ்டல் பில் ஆஃப் எக்ஸ்போர்ட் என்ற படிவத்தை வீட்டிலிருந்தே நிரப்பலாம். சுங்கத்துக்கு நீங்கள் நேரில் போக வேண்டியதில்லை. தனியார் கூரியர் என்றால் விற்பனைச் சரக்குக்கான சி.எஸ்.பி. ஐந்து என்ற படிவ வகையில் அனுப்பச் சொல்லுங்கள். "அதெல்லாம் எங்களிடம் கிடையாது" என்று கடைக்காரர் சொன்னால் கடையை மாற்றுங்கள். இன்வாய்ஸில் இருக்கும் தொகை, படிவத்தில் இருக்கும் தொகை, கணக்கில் வந்த தொகை மூன்றும் கமிஷன் நீங்கலாக ஒத்துப்போக வேண்டும். வரியைக் குறைக்க 20 டாலர் என்று எழுதுங்கள் என வாங்குபவர் கெஞ்சினாலும் எழுதாதீர்கள். வங்கி தன் பக்கத்தில் ஏற்றுமதியையும் பணத்தையும் பொருத்திப் பார்க்கிறது. 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பில்லுக்கு, அப்படிப் பொருத்தி முடிக்க உங்கள் உறுதிமொழியே போதும் என்று 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி தளர்த்தியிருப்பது உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. அந்த உறுதிமொழி உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே போய் இறங்கும்போது வரி யார் தலையில் என்பதை விற்கும்போதே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூருக்குத் தபாலிலோ விமானத்திலோ போவது 400 சிங்கப்பூர் டாலருக்குள் இருந்தால் இறக்குமதி ஜி.எஸ்.டி. இல்லை, தாண்டினால் 9 சதவீதம். கனடாவில் அந்த விலக்கு வெறும் 20 கனடா டாலர்தான், உங்கள் சேலை எதுவும் அதற்குள் அடங்காது. அமெரிக்கா 800 டாலர் விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் எடுத்துவிட்டது. அப்போது நம் அஞ்சல் துறையே அமெரிக்கப் பார்சல்களை நிறுத்திவைத்து, வரியை இங்கேயே முன்கூட்டி வசூலிக்கும் ஏற்பாட்டோடு அக்டோபர் 15-ல்தான் மறுபடி தொடங்கியது. எதிர்பாராத வரி கேட்டால் வாங்குபவர் பார்சலை மறுப்பார், மறுத்த கையோடு கார்டு நிறுவனத்தில் புகாரும் செய்வார்.

புகார் என்றதும் நினைவுக்கு வருகிறது. என்னிடம் கணக்கு பார்க்கும் ஒருவர் பித்தளை விளக்கு விற்கிறார். ஒரு வாடிக்கையாளர், விளக்கு வரவில்லை என்று பேபாலில் புகார் கொடுத்தார். அதற்கு 180 நாள் வரை அவகாசம் உண்டு. இவர் பார்சலை மலிவான, டிராக்கிங் இல்லாத வழியில் அனுப்பியிருந்தார். வாதாட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அடுத்த முறையிலிருந்து டிராக்கிங்குக்கு ஆகும் செலவை விலையில் சேர்த்துவிட்டார், யாரும் குறைசொல்லவில்லை. உங்களுக்கு இன்னொரு சிக்கலும் வரும்: 'படத்தில் பார்த்த மாதிரி இல்லை' என்ற புகார். சுங்குடியில் கையால் முடிந்த புள்ளி ஒன்றுபோல் ஒன்று இருக்காது, முதல் அலசலில் சாயம் கொஞ்சம் விடும். நமக்கு அது கைவேலையின் அடையாளம். அங்கே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அது பழுது. எனவே வெயிலில் எடுத்த படம் ஒன்று, புள்ளியை அருகில் காட்டும் படம் ஒன்று, தனியாக அலச வேண்டும் என்ற வரி ஒன்று, மூன்றையும் ஆர்டர் உறுதிசெய்யும் செய்தியிலேயே அனுப்பி, 'சரி' என்ற பதிலை வாங்கி வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். புகார் வந்தால் அந்த 'சரி'தான் உங்கள் சாட்சி.

போன இரண்டு வருடத்துக்கு என்ன செய்வது? யாருக்கு, எந்தத் தேதியில், எத்தனை சேலை, எவ்வளவு பணம், எந்த வழியில் வந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டு உள்ளூர் ஆடிட்டர் ஒருவரிடம் போங்கள். அந்த வருமானம் உங்கள் வருமான வரிக் கணக்கில் வியாபாரமாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார். காட்டவில்லை என்றால் திருத்தவும் தாமதமாகத் தாக்கல் செய்யவும் காலவரம்புக்குள் வழி இருக்கிறது. உத்தேச வருமான முறையில் வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும் என்பதால், உங்கள் அளவுக்குக் கட்ட வேண்டிய வரி ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

வங்கியில் சொன்னதை நீங்களே போய்த் திருத்திவிடுங்கள். மறுபடி அவர்கள் கூப்பிடும்வரை இருக்க வேண்டாம். "சேலை விற்ற பணம், தெரியாமல் இந்தக் கணக்கில் வாங்கிவிட்டேன், இனி நடப்புக் கணக்கில் ஏற்றுமதிப் பணமாக வாங்கப்போகிறேன், ஐ.இ.சி.க்கு விண்ணப்பித்திருக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

சித்தி மகனிடம் இப்போது சேர்ந்திருக்கும் பணத்தில், இன்னும் நீங்கள் அனுப்பாத சேலைகளுக்கு உரியதை அவரவருக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். லிங்க் தயாராக இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்று வாடிக்கையாளர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.